கிம்ச்சி: புதிதா, பழுத்ததா, பழையதா?

தென் கொரியாவின் சுவோன் நகரத்துக்குக் குடிவந்து இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. முட்டைக்கோஸில் உப்பும் மிளகாயும் பிசைந்து புளிக்க வைக்கும் கிம்ச்சியை இங்கே வயதை வைத்தும் பிரிக்கிறார்கள். பிசைந்த கையோடு சாப்பிட்டால் கொட்ஜொரி. இரண்டு மூன்று வாரம் குளிரில் இருந்தால் பழுத்த கிம்ச்சி. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கிடந்தால் முகுன்ஜி. மூன்றையும் வாங்கிப் பார்த்தேன். இப்போது வீட்டில் பழுத்தது மட்டும்தான்.

கலோரி குறைவு, நார்ச்சத்து உண்டு, கே வைட்டமின் நிறைய. இது மூன்றுக்கும் பொது. (ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்ட வேண்டாம்.) உயிரோடு எத்தனை நுண்ணுயிர் வயிற்றுக்குப் போகிறது என்பதில்தான் என் முடிவு நின்றது.

கொட்ஜொரி மொறுமொறுவென்று இருக்கும். ஆனால் புளிப்பேறாததால் அது காரமான பச்சைக் காய்தான். முகுன்ஜியை அதிகம் சாப்பிட்டதில்லை, நாலைந்து முறைதான். அதுவும் பன்றி இறைச்சியோடு கொதித்த ஜிகே குழம்பில். ருசி அபாரம். ஆனால் கொதித்த பிறகு நல்ல பாக்டீரியா எதுவும் மிஞ்சாது.

பழுத்ததில் நடப்பதே வேறு. முதலில் லியூகோநோஸ்டாக் என்ற பாக்டீரியா பெருகிக் கரியமில வாயுவை விடும். நாக்கில் சுருக்கென்று ஏறுவது அதுதான். நாள் போகப்போக லாக்டோபேசிலஸ் வகைகள் மேலோங்கி, புளிப்பு கூடும். நன்றாகப் பழுத்த ஒரு கிராமில் இவை கோடிக்கணக்கில் இருக்கும். 2021-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், 10 வாரம் புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. தயிர், கெஃபிர் என்ற புளித்த பால் எல்லாம் சேர்த்துத்தான்; கிம்ச்சிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

வீட்டில் போட்டால் ஒரு நாள் வெளியே வைத்து, குமிழி வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுகிறேன். காய் சாற்றுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கடையில் வாங்கினால் குளிர்ப்பெட்டியில் உள்ளதைத்தான் எடுக்கிறேன். பொட்டலம் லேசாக உப்பியிருந்தால் பயம் வேண்டாம், உள்ளே நொதிப்பு நடக்கிறது. சூடாக்கிப் பதப்படுத்திய டின்னில் அந்த உயிர் இருக்காது. சமைக்காமல், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தே சாப்பிடுகிறேன்.

உப்பில் மட்டும் மூன்றுக்கும் சலுகை இல்லை. கிம்ச்சியில் பொதுவாக 2 சதவீத அளவில் உப்பு இருக்கும். 50 கிராம் சாப்பிட்டால் ஒரு கிராம் உப்பு. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்போ நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே. அதனால் கிம்ச்சி வைக்கிற வேளையில் எங்கள் வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் கிடையாது.