கடற்கரை மணலின் நுண்விலங்குகள்: உயிருடன் பார்ப்பதா, பார்மலினில் இடுவதா?

ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் நழுவி விழுந்து, 45 அல்லது 63 மைக்ரான் சல்லடையில் தங்கிவிடும் விலங்குகளையே மீயோபானா என்கிறோம். கடற்கரை மணலிலிருந்து இவற்றைப் பிரித்து வகைப்படுத்த விரும்புகிறவர், மணலைக் கரையிலேயே பார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இடுவதா, உயிருடன் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதா என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். இரண்டையும் செய்து பார்த்தபின் நான் உயிர் மாதிரியைத் தேர்ந்துகொண்டேன்.

பார்மலினின் வசதிகள் பலரும் அறிந்தவையே. மாதிரி மாதக்கணக்கில் கெடாது. ரோஸ் பெங்கால் சாயம் ஏறிய விலங்குகள் மணலிடையே எளிதில் கண்ணில் படும். உப்புப் போக நன்னீரில் அலசி, லூடாக்ஸ் என்னும் கூழ்மச் சிலிக்காவில் கலக்கினால் மணல் அடியில் படிய, விலங்குகள் மேலே மிதக்கும். பத்து சதுர சென்டிமீட்டரில் எத்தனை உள்ளன என்று எண்ணுவதுதான் நோக்கமென்றால் இதுவே போதும். உறுதியான மேல்தோல் கொண்ட நூற்புழுக்களையும் ஹார்பாக்டிகாய்டு கோப்பிபாடுகள் என்னும் நுண் ஓட்டுடலிகளையும் பார்மலின் பெரிதாகக் கெடுப்பதில்லை.

மென்மையான உடல் கொண்ட விலங்குகளில்தான் கணக்கு மாறுகிறது. காஸ்ட்ரோட்ரிக்குகள் என்னும் புழு போன்ற நுண்விலங்குகளை இனம் பிரிக்க, உடலின் முன்புறத்திலும் பக்கங்களிலும் பின்முனையிலும் உள்ள ஒட்டுக்குழல்கள் எத்தனை, எவ்வாறு அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். மயக்காமல் பார்மலினில் இட்டால் உடல் சுருங்கி, அக்குழல்களை எண்ணவே முடியாமல் போகும். தட்டைப்புழுவோ வெறும் உருண்டையாகிவிடும். அதே புழுவை உயிருடன் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டின் ஓரத்தில் வடிதாளால் நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சினால், உடல் மெல்லத் தட்டையாகி, ஆண் இனப்பெருக்க உறுப்பின் கடினமான ஊசி தெளிவாகத் தெரியும். பல இனங்களுக்கு அந்த ஊசியின் வடிவமே அடையாளம். நாத்தோஸ்டோமுலிடா என்னும் தாடைப்புழுக்களை 1956-இல் விலங்கியலாளர் பீட்டர் ஆக்ஸ் விவரிக்கும்வரை உலகம் அறியாதிருந்ததற்கு, பதப்படுத்திய மாதிரியில் அவை உருக்குலைந்துபோவதும் ஒரு காரணம். பெயரிட முடியாத விலங்கை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் வகைப்பாட்டுக்கு அதனால் பயனில்லை என்பதால், என் தேர்வை முடிவுசெய்தது இந்த ஒரே காரணம்தான்.

பிரித்தெடுக்கும் முறையும் கடினமானதல்ல. ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகத்தைக் கரைத்து மணலில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால், மயங்கிய விலங்குகள் மணற்துகளைப் பற்றியிருக்கும் பிடியை விடும். மெதுவாகச் சுழற்றி, மேல்நீரை நுண்வலையில் வடித்து, வலையைக் கடல்நீரில் வைத்தால் அவை மீண்டும் நீந்தத் தொடங்கும். ஆனால் மிக உறுதியாக ஒட்டியிருப்பவை இதற்கும் அசைவதில்லை. பிரான்சின் ரோஸ்காஃபில் விலங்கியலாளர் ராயின்ஹார்ட் கிறிஸ்டென்சன் மணலை நன்னீரில் அலசியபோதுதான் லோரிசிஃபெரா என்னும் நுண்விலங்குகள் பிடிவிட்டு வெளிவந்தன. 1983-இல் அவற்றை விலங்குலகின் புதிய தொகுதியாகவே (phylum) அவர் விவரித்தார். அதனால் மெக்னீசியத்துக்குப் பின் நன்னீரிலும் ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

உயிர் மாதிரிக்கான விலை நேரம். வெயிலில் சூடேறிய மணலில் விலங்குகள் விரைவில் மடியும் என்பதால், குளிர்ச்சியாகக் கொண்டுவந்து ஓரிரு நாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும். பல கடற்கரைகளில் ஒரே நேரத்தில் மாதிரி எடுப்பவருக்கு இது நடவாத காரியம். ஆயினும் டிஎன்ஏ ஆய்வும் தேவையென்றால் தராசு மீண்டும் இப்பக்கமே சாய்கிறது. பார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். உயிருடன் படமெடுத்த விலங்கையோ உடனே எத்தனாலில் இட்டு, அதன் உருவத்தையும் மரபுத் தொடரையும் ஒரே பெயரில் சேர்க்கலாம்.

இவையெல்லாம் மணலுக்கே பொருந்தும். சேற்றில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே மேல்நீரை வடித்தால் நுண்சேறும் உடன் வந்து வலையை அடைத்துக்கொள்வதால், லூடாக்ஸையே நான் பயன்படுத்துகிறேன்.