புதுப்பேட்டையா, புதுப் பெட்டியா, கப்பலில் வருவதா? காஸ்ட் அயர்ன் புல்லட் என்ஜினுக்குப் பாகம் தேடும்போது

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ன் என்ஜினைப் பிரித்துப் போட்டவுடன் ஆளுக்கொரு யோசனை வரும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றி வைத்திருக்கும் ஒரிஜினல்தான் மேல் என்பார் ஒருவர். பழசைத் தொடவே தொடாதே, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ டெல்லி கரோல் பாக்கிலோ புது செட்டாக வாங்கு என்பார் அடுத்தவர். வசதி உள்ளவர்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கடையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பட்டியலோடு போவதுதான் பலருடைய காசைக் கரைக்கிறது. ஒவ்வொரு பாகமாக எடுத்து, இதன் தரம் மைக்ரோமீட்டர் போன்ற அளவுகோலுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். தெரியும் என்றால் எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் தரம் என்றால், செய்தவரின் பெயருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இந்த என்ஜினுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1955-ல் சென்னையில் தொடங்கிய உற்பத்தி, 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி என்ற அதே அடிப்படை வடிவத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. அதனால் பழைய பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பிறகு வந்த ஏ.வி.எல்., யு.சி.இ. என்ஜின்கள் வேறு குடும்பம். "எல்லாம் புல்லட்தான் சார்" என்று கடையில் சொன்னால், நம் பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

வார்ப்புப் பாகங்களுக்கு என் ஓட்டு புதுப்பேட்டைக்குத்தான். பேரல் (சிலிண்டர்), அதன் மேல் மூடியான ஹெட், ராக்கர் பாக்ஸ், பிரைமரி கவர் எல்லாமே கண்ணாலும் கருவியாலும் சோதிக்கக்கூடியவை. பேரலில் போர் கேஜை விட்டு மேலே, நடுவே, கீழே என்று அளந்தால் தேய்மானம் தெரிந்துவிடும். ஹெட்டைக் கவிழ்த்துப் பிடித்து வால்வ் சீட்டுக்கும் பிளக் துவாரத்துக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா பாருங்கள். வால்வோடு இருந்தால் போர்ட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும், கசிவு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பல வருடம் சூடாகிக் குளிர்ந்த பழைய வார்ப்பு, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்திருக்கும். மெஷினில் ஒருமுறை பிடித்துச் சமன் செய்தால் அப்படியே நிற்கும்.

கிராங்க் கேஸ் (கிராங்க் சுழலும் என்ஜின் கூடு) மட்டும் விதிவிலக்கு. இரண்டு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒரு பாதியை இங்கே, மறுபாதியை அங்கே என்று சேர்த்தால் பேரிங் நேர்கோட்டில் உட்காராது. அதைவிடப் பெரிய சிக்கல், என்ஜின் நம்பர் அதில்தான் பொறித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண் வேறு, வண்டியில் இருக்கும் எண் வேறு என்றால் விற்கும்போதும் எஃப்.சி.க்கும் மாட்டுவீர்கள். அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால் போலீஸ் வரை போகும். விரிசல் விட்ட சொந்தக் கேஸை நல்ல வெல்டரிடம் கொடுத்து மீட்கவே முதலில் பாருங்கள். வழியே இல்லை என்றால் பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றுங்கள்.

பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே கூடாது. பேரிங்குக்கு புல்லட் கடைகூட வேண்டாம். பழைய பேரிங் மீது எண் இருக்கும். அதே எண்ணை, உள் இடைவெளியைச் சொல்லும் சி3 போன்ற பின்குறிப்போடு சேர்த்து, எஸ்.கே.எஃப். அல்லது எஃப்.ஏ.ஜி. டீலரிடம் கேளுங்கள். பிஸ்டனும் உள்ளூரில் புதிதாக வாங்கலாம். ஆனால் பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே பேரலை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் 0.50 ஓவர்சைஸ் (அரை மி.மீ. பெரிது) என்று அச்சடித்திருப்பதை நம்பி முன்னதாகவே போர் போட்டால், இடைவெளி அதிகமாகி பிஸ்டன் ஆடலாம், அல்லது குறைந்து பிடித்துக்கொள்ளலாம். ரிங்கைப் போருக்குள் தள்ளி வாய் இடைவெளியையும் பாருங்கள். ஓர் அங்குலப் போருக்கு 4 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற பழைய கணக்குப்படி இந்த என்ஜினுக்கு அது சுமார் 0.28 மி.மீ.

புதிய லோக்கல் பாகங்கள் தோற்பது வால்வைத் திறக்க வைக்கும் கேமிலும் அதன் மீது உரசும் டாப்பெட்டிலும்தான். பளபளப்பு, அளவு, பொட்டலம் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தால் மேல்தோல் கடினமா என்று தெரியும். அந்தக் கடினம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை அரம் சொல்லாது. மெல்லிய படலம் தேய்ந்ததும் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. கேம் முனை மழுங்கி, அந்தத் தூள் ஆயிலில் கலந்து ஊர் சுற்றும். ஆகவே இந்த இடத்தில் என் வரிசை தலைகீழ்: பழைய டீலர் கோடவுனில் கிடக்கும் கம்பெனி ஸ்டாக் முதலில், தேயாத செகண்ட் ஹேண்ட் ஒரிஜினல் அடுத்து, பெயர் தெரியாத புதுசு கடைசியில். (அதே கோடவுனில் ரப்பர் சீல் கிடைத்தால் விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.)

பிக் எண்டிலும் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) இதே கதைதான். கம்பெனி வைத்தது மிதக்கும் புஷ், அதாவது ஆயில் படலத்தில் சுழலும் உலோக வளையம். அதைக் கழற்றிவிட்டு ரோலர் கிட் போடுவது பரவலான வழக்கம். ரோலர் கொஞ்சம் ஆயில் குறைந்தாலும் தாங்கும், ஹைவேக்கு நல்லது. ஆனால் அதன் உயிர் கிராங்க் பின்னின் கடினத்தில் இருக்கிறது. அதை நாம் அளக்க முடியாது. புஷ்ஷின் இடைவெளியை அளக்கலாம். நிதானமாக ஓட்டுபவருக்கு, ஆயில் பம்பு ஒழுங்காக இருந்தால், புஷ்ஷே போதும் என்பேன். எதைப் போட்டாலும் கிராங்கைச் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்து ட்ரூ (ஆட்டமில்லாமல் சுழல்கிறதா என்று) பார்க்கும் பட்டறையில்தான் கோர்க்க வேண்டும். கண்மதிப்பில் சுத்தியலால் தட்டிச் சேர்க்கும் இடம் வேண்டாம்.

இங்கிலாந்து வழி எப்போது? 1977 முதல் புல்லட் இங்கிருந்து அங்கே ஏற்றுமதியானதால், ஹிட்ச்காக்ஸ் போன்ற என்ஃபீல்டு சிறப்புக் கடைகள் அங்கே இருக்கின்றன. பாக எண்ணும் விளக்கப் படமும் தெளிவாக இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கேஸ்கெட் செட்டுக்கெல்லாம் அது கட்டுப்படியாகாது. கேம், டாப்பெட், நல்ல ரோலர் பிக் எண்ட், திறன் கூட்டிய ஆயில் பம்பு ஆகியவற்றை ஒரே ஆர்டரில் சேர்த்து வாங்கினால் நியாயம் இருக்கிறது.

பட்ஜெட் இறுக்கமானவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிப்பூச்சையும் குரோமையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். அந்தக் காசு பிக் எண்டுக்கும் கேமுக்கும் போகட்டும். அவற்றை மாற்ற என்ஜினை மறுபடி பிரிக்க வேண்டும். குரோமுக்கு அது வேண்டாம்.