கல்சட்டிச் சோறும் கிம்ச்சியும்: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய உணவகம்

சுங்குவார்சத்திரம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு வெண்டர் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். எங்கள் கொரிய மேனேஜர் போன மாதம் ஊர் திரும்பும் முன், அவர் வாடிக்கையாகச் சாப்பிடும் உணவகத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு வீட்டாரோடு இரண்டு முறை போய்விட்டேன்.

மாடி வீட்டையே உணவகமாக்கியிருக்கிறார்கள். போர்டில் கொரிய எழுத்து மட்டும்தான், அதனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உட்கார்ந்ததும் கேட்காமலே ஆறு சின்னக் கிண்ணங்கள் வரும்: கிம்ச்சி (மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), முள்ளங்கி, முளைகட்டிய பயறு, கீரை என்று. தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள், தனிக் காசு கிடையாது. நம் மீல்ஸ் கணக்குதான்.

காய்கறியோடு கிளறிச் சாப்பிடும் சோறுதான் பிபிம்பாப், அதைக் கல்சட்டியில் கேளுங்கள். சட்டி சுடச்சுட மேசைக்கு வந்து சடசடக்கும். மிளகாய் விழுது போட்டுக் கிளறிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் அடிச்சோறு முறுகிவிடும். அதைச் சுரண்டித் தின்ன என் மகளுக்கும் எனக்கும் போட்டி. புளித்த சோயா விழுதில் செய்யும் தென்ஜாங் குழம்பு என் மனைவிக்கு வாசனையிலேயே பிடிக்கவில்லை. எனக்கு இரண்டாம் முறை பிடித்துவிட்டது.

சைவக்காரர்கள் கவனம். கிம்ச்சியிலேயே பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இந்தப் பக்கம் கொரியர்கள் வந்த கதை இதுதான்: 1996இல் கொரிய கார் கம்பெனி ஹூண்டாய் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. கார் பூட்டும் லைனுக்கு வேண்டிய பாகம் வேண்டிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால் கொரிய வெண்டர்களும் பின்னாலேயே வந்து பக்கத்தில் இடம் பிடித்தார்கள். துறைமுகம், நிலம், சலுகை, டிப்ளமோ படித்த பையன்கள் என்று சென்னை வட்டாரத்துக்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் மேனேஜர் சொன்னது வேறு. இங்கே போஸ்டிங் என்றதும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அங்கே என்ன சாப்பிடுவோம்?" அவருக்கு முன்னால் இருந்தவர் குடும்பத்துக்கு ஊர் ஒட்டாமல் எட்டே மாதத்தில் கிளம்பிவிட்டார். பாதியில் நின்ற டூலிங் (பாகம் செய்யும் அச்சு) அப்ரூவலை நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த மாதிரி பத்துக் கடைகள் இந்தச் சாலைக்கு வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

மதியம் கம்பெனிக் கூட்டம், மேசை கிடைக்காது. ஞாயிறு சாயங்காலம் போங்கள். நாலு பேருக்கு 2,800 ரூபாய் ஆனது. கிம்ச்சியை டப்பாவில் பார்சலும் தருகிறார்கள், எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு இப்போது அதுதான்.