பிராய்லர் தீவனத்தில் கிலேட் தாதுக்கள்: கொடுக்கும் காசுக்குத் தேறுமா?

கிலேட் என்பது அமினோ அமிலம் போன்ற கரிமப் பொருளோடு கட்டிய ஜிங்க், காப்பர், மாங்கனீசு போன்ற தாது; சல்பேட்டும் ஆக்சைடும் அதே தாதுக்களின் வழக்கமான கனிம வடிவங்கள். கிலேட் விற்க வருபவர் காட்டும் அட்டவணையில் அவருடைய கோழிதான் எடை கூடி நிற்கும். எதிர்வரிசைக் கோழிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அங்கே ஆக்சைடு இருந்தால் அந்த ஒப்பீட்டைத் தள்ளிவிடலாம். ஜிங்க் ஆக்சைடில் குஞ்சுக்குச் சேர்வது சல்பேட்டில் சேர்வதில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் பங்குதான். காப்பர் ஆக்சைடோ உள்ளே போன வழியே எச்சத்தில் வெளியே வந்துவிடும். மோதவேண்டியது சல்பேட்டோடு, அதுவும் சம அளவில்.

அப்படி மோதினால் 35 நாள் எடையிலும் எஃப்சிஆரிலும் (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்படும் தீவன அளவு) பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. காரணம் எளிது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் (என்ஆர்சி) 1994 அட்டவணைப்படி பிராய்லருக்குத் தேவையான ஜிங்க் கிலோ தீவனத்துக்கு 40 மி.கி.; நடைமுறையில் நாம் 100 மி.கி. வரை மேலே கொட்டுகிறோம். அவ்வளவு இருக்கும்போது எந்த வடிவத்தில் கொடுத்தாலும் கோழி தன் தேவையை எடுத்துக்கொள்ளும். அளவைக் குறைக்கும்போதுதான் கிலேட்டின் வேலை தெரியும். சல்பேட்டிலிருந்து கரைந்து வரும் ஜிங்கைச் சோயா, மக்காச்சோளத்திலுள்ள பைடேட் (விதைகள் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் பொருள்) குடலில் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் அதிகமானால் பிடி இன்னும் இறுகும். அமினோ அமிலத்தோடு கட்டுண்ட ஜிங்க் அந்தப் பிடியிலிருந்து ஓரளவு தப்புகிறது. ஆகவே 100 மி.கி. கிலேட் போடுவது வீண்செலவு. 40 முதல் 60 மி.கி. போட்டு, எச்சத்தில் போகும் ஜிங்கையும் குறைப்பதுதான் இதை வாங்குவதன் பொருள்.

எல்லாக் கிலேட்டும் ஒன்றல்ல. கட்டு பலவீனமாக இருந்தால் சுரப்பு இரைப்பையின் அமிலத்திலேயே பிரிந்து, அதற்கப்புறம் சல்பேட்டைப் போலத்தான் நடந்துகொள்ளும். பாலிசாக்கரைடு காம்ப்ளெக்ஸ் வகைகளுக்கு நம் மதிப்பெண் குறைவு. மெத்தியோனின் ஹைட்ராக்ஸி அனலாக்கோடு (மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் தீவனத்தில் சேர்க்கும் பொருள்) கட்டிய ஜிங்குக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு: எடையில் பெரும்பங்கு மெத்தியோனின் மூலம்தான், அதைத் தீவனக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் அதைக் கழிக்க மறந்துவிட்டு விலை அதிகம் என்கிறார்கள்.

இடப்பிரச்சினையை யாரும் சொல்வதில்லை. ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் ஜிங்க் வேண்டுமென்றால் 35 சதவீதம் ஜிங்க் உள்ள சல்பேட் மோனோஹைட்ரேட் 286 கிராம் போதும். 15 சதவீத புரோட்டினேட் (புரதத் துண்டுகளோடு கட்டிய கிலேட்) என்றால் 667 கிராம். மாங்கனீசுக்கும் அதே 15 சதவீதப் பொருள் என்றால் இன்னொரு 667. டன்னுக்கு 1 கிலோ என்று வடிவமைத்த பிரிமிக்ஸில் (தீவனத்தில் சேர்க்க முன்கூட்டியே கலந்துவைக்கும் கலவை) இது அடங்கவே அடங்காது. 40 கிராம் ஜிங்கைக் கிலேட்டாகவும் 30 கிராமைச் சல்பேட்டாகவும் கலந்தால் 267, 86 என மொத்தம் 353 கிராமில் முடியும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தக் கலவையையே பரிந்துரைப்போம்.

சல்பேட்டின் குறையும் சின்னதல்ல. ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். காப்பர் சல்பேட்டும் இரும்புச் சல்பேட்டும் வைட்டமினோடு ஒரே மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஏ, ஈ, கே மூன்றும் அடிவாங்கும். கோலின் குளோரைடும் அதே மூட்டையில் இருந்தால் இன்னும் மோசம். தாது பிரிமிக்ஸைத் தனி மூட்டையாக வாங்குவதே பாதித் தீர்வு. ஹைட்ராக்ஸிகுளோரைடு வகைகள் நீரில் எளிதில் கரையாதவை என்பதால் இந்த விஷயத்தில் நன்றாக நிற்கின்றன. அவை கனிம வகையே என்றாலும் ஜிங்க் 55, காப்பர் 58 சதவீதம் என்று செறிவாகவும் வருகின்றன. கிலேட்டுக்கும் சல்பேட்டுக்கும் நடுவே யோசிப்பவர் இவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செலினியத்தில் மட்டும் ஈஸ்ட் வடிவத்தை வாங்கத் தயக்கமே வேண்டாம். செலினியம் ஈஸ்டிலுள்ள செலினியத்தில் பெரும்பகுதி செலினோமெத்தியோனின் வடிவில் இருக்கிறது. அது மெத்தியோனினின் இடத்தில் உட்கார்ந்து தசைப் புரதத்திலேயே சேமிப்பாகிறது. சோடியம் செலினைட்டுக்கு அந்த வழி கிடையாது. கிலோ தீவனத்துக்கு 0.3 மி.கி. செலினியம் என்ற அளவுக்கு 2000 பிபிஎம் (கிலோவில் 2000 மி.கி. செலினியம் உள்ள) ஈஸ்ட் டன்னுக்கு 150 கிராம். செலினைட்டைத் தூய பொருளாக அளந்தால் டன்னுக்கு சுமார் 0.66 கிராம்தான், கை நழுவினால் விஷம். அதனால் செலினியம் 1 சதவீதமாக இருக்கும்படி நீர்த்த பொருளை 30 கிராம் போடுவதே பாதுகாப்பு.

இரும்புக்குக் கிலேட் தேவையில்லை. டைகால்சியம் பாஸ்பேட்டும் சுண்ணாம்புக்கல்லுமே கணிசமான இரும்பைக் கொண்டுவருகின்றன.

இந்தச் சந்தையின் பெரிய தொல்லை கலப்படம். கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் ஜிங்க் சல்பேட்டையும் உலர்வாகக் கலந்து கிலேட் என்று விற்றால் ஜிங்க் சதவீதச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது, நைட்ரஜன் சோதனையும் தேறிவிடும். சல்பேட் இருப்பதை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது, உண்மையான சில கிளைசினேட்களிலும் (கிளைசினோடு கட்டிய கிலேட்கள்) சல்பேட் உண்டு. அகச்சிவப்பு நிறமாலை எடுத்து, வெறும் கிளைசினின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் கட்டு இருக்கிறதா என்று தெரியும். ஈயம், காட்மியம் அறிக்கையையும் கூடவே கேளுங்கள். ஜிங்க் மூலப்பொருளில் இவை ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம்.

பண்ணையில் சோதிக்கும்போது எடையை நம்பாதீர்கள். கால் எலும்பின் சாம்பலும் அதிலுள்ள ஜிங்கும், பாதப்புண் மதிப்பெண்ணும், வெட்டும்போது தோல் கிழிவதும் நேர்மையாகப் பேசும். பாதப்புண்ணைப் பார்க்கும்போது கூளம் நனையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தின் குற்றம் தாதுவின் மேல் விழும். குதிகால் தசைநார் நழுவிக் கால் வளைந்த குஞ்சு பல வந்தால் கிலேட் பக்கம் ஓடுமுன் மாங்கனீசு அளவு சரியாக விழுந்ததா என்று தராசைப் பாருங்கள்.