விஜயநகர் சந்திப்பா, போரூர் சந்திப்பா: வீடு வாங்கியவன் போட்ட கணக்கு

2019 ஜூன். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த வெயிலில் வேளச்சேரியில் வீடு பார்க்கப் போன நான், புரோக்கரிடம் கேட்ட முதல் கேள்வி, "மழைக்கு இந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நிக்கும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், ஊரே குடத்தத் தூக்கிட்டு லாரி பின்னாடி ஓடுது. நீங்க வெள்ளத்தப் பத்திக் கேக்குறீங்க!"

எனக்கு வேலை தரமணியில். மனைவிக்கு மணப்பாக்கம் டி.எல்.எஃப்-இல். அதனால் தேடல் இரண்டு இடங்களில் வந்து நின்றது. ஒன்று வேளச்சேரி விஜயநகர் சந்திப்பைச் சுற்றிய தெருக்கள். இன்னொன்று போரூர் சந்திப்புக்கும் முகலிவாக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதி. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஏற்கெனவே முகலிவாக்கத்தில் குடியிருந்தார். "இங்கேயே வந்துடுங்க மச்சான், புதுக் கட்டடம், அகலமான பால்கனி" என்று ஆறு மாதம் விடாமல் சொன்னார். முடிவில் நாங்கள் வேளச்சேரியில் வாங்கினோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

இரண்டு ஊர்களின் கதையும் ஒரே மாதிரிதான். வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலும் ஏரியும் வயலுமாக இருந்த பழைய ஊர். கிண்டியிலிருந்து தாம்பரம் போகும் சாலையோடு தரமணி இணைப்புச் சாலையும் நூறடி பைபாஸும் வந்து முட்டிய இடம்தான் விஜயநகர். 2000-இல் டைடல் பார்க் திறந்தது, 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது, 2013-இல் ஃபீனிக்ஸ் மால் திறந்தது. தொண்ணூறுகளில் இங்கே மனை வாங்கியவரை "அவ்வளவு தூரத்துலயா?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்களாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். போரூரில் மவுன்ட்-பூந்தமல்லி சாலையும் ஆற்காடு சாலையும் குன்றத்தூர் சாலையும் கூடுகின்றன. 1985-இல் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி, பிறகு ஐ.டி. பூங்கா, 2011-இல் மாநகராட்சியோடு இணைப்பு, 2016-இல் மேம்பாலம். ஒரு காலத்தில் பஸ் மாறுகிற இடமாக இருந்த நாற்சந்தி, இன்று நகைக்கடையும் ஜவுளிக்கடையும் நிறைந்த தனி ஊர்.

கடை கண்ணி, பள்ளி, ஹோட்டல் இதிலெல்லாம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மால் வேண்டும் என்றால் வேளச்சேரி. அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் வேண்டும், வயதான பெற்றோர் கூட இருக்கிறார்கள் என்றால் போரூர். இதில் விவாதமே இல்லை. தீபாவளிக்குத் தென் மாவட்டம் போகிறவர்களுக்கும் போரூர் வசதி. பைபாஸ் ஏறினால் பெருங்களத்தூர், அங்கிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம்தான்.

போக்குவரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விஜயநகரில் இரண்டடுக்கு மேம்பாலம் 2021-இல் ஒரு பக்கமும் 2022-இல் மறுபக்கமும் திறந்தார்கள். அதற்கு முன்பு சாயங்காலம் அந்தச் சிக்னலைத் தாண்டுவதே ஒரு வேலை. இப்போது நெரிசல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆனால் ரயில் இருக்கிறது. ஸ்டேஷன் கட்டடம் இருட்டும் புறா எச்சமுமாகப் பூதம் மாதிரி நிற்கும்தான். ஆனாலும் மழையோ மறியலோ, மயிலாப்பூருக்கும் கடற்கரைக்கும் போய்விடலாம். அந்த ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் நீட்டிக்க 2008-இல் தொடங்கிய வேலை, நில எடுப்புச் சிக்கலில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்ததையும் சேர்த்தே சொல்கிறேன். "ரயில் வரப்போகுது" என்று சொல்லி விற்கிற வீட்டை எந்த விலைக்கு வாங்குவது என்பதற்கு அந்த 5 கிலோமீட்டர் நல்ல பாடம். அதனால்தான் 2019-இல் "போரூருக்கு மெட்ரோ வருது" என்று சொன்னபோது நான் அதற்குக் காசு கொடுக்கத் தயாராக இல்லை. இன்று அது வெறும் பேச்சு இல்லை. கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி தடத்தில் போரூர் சந்திப்பு ஒரு நிலையம். 2025-இல் பூந்தமல்லிப் பக்கமிருந்து சோதனை ஓட்டமும் நடந்தது. இப்போது வாங்குகிறவர் கணக்கு என் கணக்கு மாதிரி இருக்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

வேளச்சேரி என்றதும் எல்லோருக்கும் வெள்ளம்தான் ஞாபகம் வரும். வரட்டும், அது உண்மைதானே. 250 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி இன்று சுமார் 55 ஏக்கர். வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் நடுவில் வீட்டையும் ரோட்டையும் பார்த்துத் திகைத்து நின்றுவிடுகிறது. 2015 டிசம்பரில் ராம்நகர், ஏ.ஜி.எஸ். காலனிப் பக்கமெல்லாம் படகு விட்டார்கள்.

ஆனால் வேளச்சேரியில் வெள்ளம் ஒளிந்திருக்கவில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும். புரோக்கர் போன பிறகு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குனிந்து வண்டிச் சக்கரத்தின் அச்சைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் தெருவுல இதுவரைக்கும் சார். ஒன்றரை நாள் நின்னுச்சு." பிறகு கையை நீட்டி, "அதோ, ரெண்டு தெரு தள்ளி, அங்க வண்டியே மிதந்துச்சு." நாங்கள் முதலில் பார்த்து, விலை குறைவாக இருக்கிறதே என்று மயங்கிய வீடு அந்த ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தேன். மின்பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? 2015-க்குப் பிறகு நெஞ்சு உயரத்துக்கு ஏற்றியிருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். இரும்பு கேட்டின் அடியைப் பாருங்கள். நாங்கள் வாங்கிய கட்டடம் 2004-இல் கட்டியது. அதன் கேட்டின் அடிப்பாகத்தை இரண்டு தடவை வெட்டியிருக்கிறார்கள். காரணம், ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றியது. ரோடு ஏற ஏற, வீடு பள்ளத்தில் போகும். பழைய மட்டத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவு போட்டார். அதற்கு முன்பு ஏறியது ஏறியதுதான். எங்கள் கட்டடத்தில் நல்லவேளையாகப் பார்க்கிங் தளத்தைத் தொடக்கத்திலேயே இரண்டடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். வெட்டிய கேட்டுக்கு அப்புறமும் உள்ளே ஒரு சரிவு மிச்சம் இருந்தது. அந்தச் சரிவுக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று சொல்லலாம்.

ஏனென்றால் அடுக்குமாடியில் வெள்ளம் என்பது உங்கள் ஹாலுக்குள் வருவது மட்டும் இல்லை. மூன்றாவது மாடியில் இருந்தாலும் செலவு கீழே காத்திருக்கும். முதலில் லிஃப்ட் குழி. அதில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் இல்லாமல் வடியாது. மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், கரண்டை வாரியமே நிறுத்தி வைத்திருக்கும். அடுத்து சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடி வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே போனால், கூடவே சாக்கடையும் போகும். முழுதாக இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிற வரை பாத்ரூமில் குழாயைத் திறக்க முடியாது. அப்புறம் ஜெனரேட்டர், போர் மோட்டார், கேமரா, பைக்குகள். சங்கக் கூட்டத்தில் "எல்லாரும் சமமாப் போடணும்" என்று ஒருவரும், "நான் லிஃப்டே யூஸ் பண்றதில்ல" என்று முதல் மாடிக்காரரும் சண்டை போடுவது தனிக் கணக்கு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கணக்கு பரீட்சைக்கு வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர், இஸ்திரிக்காரர் சொன்ன அதே அச்சு உயரம். சரிவின் பாதி வரை ஏறி நின்றது, பார்க்கிங்குக்குள் வரவில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லை, பாலுக்கு அல்லாட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கடைசியில் வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் போட்டுச் சம்ப் மூடியை உயர்த்தினோம். ரெண்டு தெரு தள்ளி, நாங்கள் வேண்டாம் என்று விட்ட கட்டடத்தில் இருக்கும் என் ஆபீஸ் நண்பர், தன் வீட்டுக்கு நாற்பதாயிரம் கட்டினார். லிஃப்ட் மட்டும் ஒரு மாதம் ஓடவில்லை.

சரி, போரூர்ப் பக்கம் வெள்ளமே இல்லையா? அதுதான் விஷயம். 2015-இல் போரூர் ஏரியின் உபரி நீரும் அடையாறும் சேர்ந்து முகலிவாக்கம், மணப்பாக்கம் பகுதிகளைப் புரட்டி எடுத்தன. ஆனால் நாங்கள் பார்த்த வீட்டின் விற்பனை ஆபீஸில், "இங்கல்லாம் தண்ணி வரவே வராது சார், மேடு" என்றார்கள். நான் வழக்கம்போலத் தெருவில் இறங்கி ஆள் தேடினேன். யாரும் இல்லை. 2015-இல் அந்தத் தெருவே கிடையாது! சுற்றிலும் காலி மனைகள், புதுக் கட்டடங்கள், எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் குடிவந்தவர்கள். காவலாளி போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த மேடு உண்மையிலேயே மேடுதானா, கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டம் கட்டியதா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பக்கத்து மவுலிவாக்கத்தில் 2014 ஜூனில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததும் மனசில் இருந்தது. அது ஒரு கட்டடத்தின் கதை, ஊரின் கதை இல்லை, தெரியும். ஆனாலும் என் மனைவி அன்றைக்குத் திரும்பி வரும்போது, "என்னங்க, தெரிஞ்ச ஆபத்தே பரவாயில்ல போல" என்றாள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். போரூர்ப் பக்கம் வாழ்ந்த அனுபவம் எனக்கு மச்சான் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட அளவுக்குத்தான். அவர் வீட்டுக்கு மிக்ஜாமில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா மச்சான்" என்று அவர் சொன்னது நியாயம்தான். போரூரிலேயே ஆற்காடு சாலை ஓரமான பழைய தெருக்களில் கேட்டால் கணக்குச் சொல்ல ஆள் இருப்பார்கள். நாங்கள் அங்கே தேடவில்லை, பட்ஜெட் இடிக்கவில்லை என்றால் தேடியிருப்போம்.

விற்பனை மதிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் யூ.டி.எஸ்., அதாவது மனையில் நம் வீட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, நிறைய கிடைக்கும், வேளச்சேரியில் நாங்கள் வாங்கியதற்கு அது இரண்டாவது காரணம். அதே காசுக்குப் போரூர்ப் பக்கப் புது அடுக்குமாடியில் ஜிம்மும் நீச்சல் குளமும் கிடைத்தன, நிலம் பாதிதான் கிடைத்தது. வாடகைக்குத் தரமணி ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் எங்கள் கட்டடத்தில் வீடு ஒரு மாதம் காலியாக நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் தரைத்தளம் மட்டும் எந்தத் தெருவாக இருந்தாலும் இழுக்கும். அதோடு பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடை சில ராத்திரிகளில் வரத்தான் செய்யும். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து எரிந்தபோது நாள் கணக்கில் ஜன்னலைத் திறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி தரக் கூடாது என்று ஆய்வு முடியும்வரை தடுத்தது. சதுப்பு நிலத்துக்கு அது நல்லது. ஆனால் அந்தப் பக்கம் மனையோ இடித்துக் கட்டுகிற திட்டமோ வாங்குகிறவர், சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இன்றும் அக்டோபர் பிறந்தால் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. 2024-இல் ரெட் அலர்ட் என்றதும் ஒரு துளி விழுவதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன, டி.வி.யில்கூடக் காட்டினார்கள். எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் வராது என்று தெரிந்தும் நானும் ஏற்றினேன். பாலத்தில் நிற்கும்போதே மச்சானிடமிருந்து போன். "மச்சான், வண்டிய ஏத்திட்டீங்களா?" குரலில் சிரிப்பு.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் முதல் மாடி வீடு விலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இளம் ஜோடி பைக்கில் வந்து இறங்கியது. புரோக்கர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் உள்ளே போகவில்லை. நேராகத் தெருமுனைக்குப் போனார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பார்த்துக் குனிவது பால்கனியிலிருந்து எனக்குத் தெரிந்தது.