ஓங் பாக் 2: சண்டையை ரசித்தவர்களும் கதையைத் தேடியவர்களும்

2003-இல் வெளியான தாய்லாந்துப் படமான 'ஓங் பாக்', நடிகர்களைத் தூக்கிப் பறக்கவிடும் கம்பிகளின் உதவியின்றி, நாயகன் டோனி ஜாவின் உடல்திறனை நம்பி எடுக்கப்பட்டது. 2008-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கதையைத் தொடராமல் 15-ஆம் நூற்றாண்டில் அயுத்தயா என்ற பழைய தாய் அரசின் காலத்துக்குச் சென்றதால், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர்.

சண்டைக்காகப் பார்த்தவர்களுக்கு அது பெருவிருந்தாக அமைந்தது. ஒரே வீரன் தாய்க் குத்துச்சண்டையையும் குடிகாரனைப் போலத் தள்ளாடிச் சண்டையிடும் சீனப் பாணியையும் வாளையும் மாறி மாறிக் கையாள்வதும், ஓடும் யானைக் கூட்டத்தின் முதுகுகள்மீது தாவுவதும், இறுதிப் போரில் யானையின் மேலும் கீழும் சுழன்று எதிரிகளை வீழ்த்துவதும், ஒவ்வொரு அசைவுக்கும் பின்னுள்ள உழைப்பை உணர்த்துகின்றன. அந்த இறுதிப் போர்க் காட்சிக்காகவே நான் இப்படத்தை மீண்டும் பார்ப்பேன்.

கதையைத் தேடியவர்களின் ஏமாற்றமும் நியாயமானதே. கடந்தகால நினைவுகள் கோவையின்றி வந்து போகின்றன. நாயகன் சிறைப்பட்ட நிலையில் படம் சட்டென்று நின்றுவிடுகிறது. படப்பிடிப்பு இடையில் தடைபட்ட செய்தியை அறிந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொண்டாலும், முடிவை அறிய 2010-இல் வந்த மூன்றாம் பாகம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதற்படத்தில், திருடப்பட்ட புத்தர் சிலையின் தலையை மீட்க வேண்டும் என்ற எளிய நோக்கமே ஒவ்வொரு அடிக்கும் பொருள் தந்தது. இங்கே அத்தகைய பிடிப்பு இல்லை என்பதால், என் தீர்ப்பு இரண்டாம் தரப்பினரின் பக்கமே சாய்கிறது.