ஆர்க்கைவ் தளம்: படிப்பது இலவசம், மேற்படிப்பு ஆசை வந்தால் அது உங்கள் பொறுப்பு

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தைத் தினமும் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆராய்ச்சியில் இருப்பவர்கள். அவர்களுக்கு அது குழாய்த் தண்ணீர் மாதிரி, அதைப் பற்றி எழுதத் தோன்றாது. நான் பொறியியல் கடைசி வருடம். வேலைக்குப் போவதா, எம்.எஸ்., பி.எச்.டி. என்று போவதா என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் ஆள்களுக்காக இந்த விமர்சனம்.

1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கியது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. ஆய்விதழில் அச்சாகும் முன்பே கட்டுரைகள் இங்கே வந்துவிடும். பணம் வேண்டாம், கணக்கு வேண்டாம், பி.டி.எஃப். இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அறிமுகம்.

புராஜெக்டுக்காக ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போடுகிற மாதிரி ஆடம் ஆப்டிமைசர் (பிழை குறையும்படி நெட்வொர்க்கின் எண்களைப் படிப்படியாகத் திருத்தும் முறை), கற்றல் வேகம், அதாவது ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நகர்வது என்ற அளவு, 0.001. ஏன் 0.001 என்று புராஜெக்ட் கைடு கேட்டார். "எல்லோரும் அதைத்தான் சார் போடுறாங்க" என்றேன். ஆடம் பற்றிய மூலக் கட்டுரையைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

2014 டிசம்பரில் ஏற்றப்பட்ட கட்டுரை அது. ஆர்க்கைவ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பதிப்பு வரலாறு இருக்கும். இந்தக் கட்டுரைக்கு ஒன்பது பதிப்புகள்! உலகமே பயன்படுத்தும் ஒன்றை எழுதியவர்களே எட்டு முறை திரும்பத் தொட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது தெரியாது, அங்கே எல்லாச் சமன்பாடும் பிறக்கும்போதே பழுத்துத்தான் பிறக்கும். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எதுவென்றால் இந்தப் பதிப்புப் பட்டியல்தான்.

அங்கிருந்து நூல் பிடித்துப் போனால், ரெட்டி, காலே, குமார் மூவரும் 2018இல் ஐ.சி.எல்.ஆர். என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரை. ஆடம் பிழை மிகக் குறைவாக இருக்கும் புள்ளிக்குப் போய்ச் சேரும் என்ற நிரூபணத்திலேயே பிழை என்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் ஒரே ஒரு மாறி கொண்டது. முதல் வருடக் கணக்கு போதும்: எண்கோட்டில் −1 முதல் 1 வரை இடம். சரிவு பிளஸ் என்றால் இடப்பக்கம், மைனஸ் என்றால் வலப்பக்கம் நகர வேண்டும். மூன்று படிக்கு ஒரு முறை சரிவு +3, மற்ற இரண்டு முறையும் −1. கூட்டினால் +1, ஆகவே இடது ஓரத்துக்குப் போவதுதான் சரி. ஆடம் வலது ஓரத்துக்குப் போகிறது.

நம்பாமல் நானே பைத்தானில் எழுதிப் பார்த்தேன். பழைய சரிவுகளை நினைவில் வைக்கும் எண்ணை, கட்டுரையின் சூத்திரப்படி 0.1 என்று வைத்து, உந்தத்தை (முந்தைய சரிவுகளின் திசையையும் சேர்த்துக்கொண்டு நகர்வதை) நீக்கிவிட வேண்டும். பெரிய சரிவு வரும்போது ஆடம் அதை அதன் அளவாலேயே வகுத்துக் குறுக்கிவிடுகிறது. அதனால் கற்றல் வேகத்தை ஓரடி என்று கொண்டால், இடப்பக்கம் ஏறத்தாழ ஓரடிதான். சின்னச் சரிவுகள் இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் ஒன்றே முக்கால் அடி. புள்ளி தப்பான திசையில் நகர்ந்து சுவரில் முட்டி நின்றதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், புராஜெக்ட் டெமோ ஓடியபோதுகூட வரவில்லை. மறுநாள் கைடிடம் பி.எச்.டி. பற்றிக் கேட்டேன்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இதில் வேறு பயனும் உண்டு. பேராசிரியரின் சொந்தப் பக்கம் பல சமயம் பழையதாகக் கிடக்கும். ஆர்க்கைவில் பெயரைத் தட்டினால் அவர் குழு இப்போது என்ன செய்கிறது என்பது தெரியும். முதல் ஆசிரியராக மாணவர்கள் இருக்கிறார்களா, ஒரே மாணவர் ஒரே கேள்வியைத் தொடர்ந்து துரத்துகிறாரா என்று கவனியுங்கள். நோக்க அறிக்கையில் 'எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் அதிகம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, ஒரு கட்டுரையின் எந்த அனுமானம் உங்களை உறுத்துகிறது என்று எழுதலாம். பல கட்டுரைகளுக்கு லேடெக் (சமன்பாடுகளோடு கட்டுரையை வடிவமைக்கும் மென்பொருள்) மூலக் கோப்பும் கிடைக்கும். சமன்பாடுகளை அடுக்கும் கலையை நான் அதில்தான் பழகுகிறேன்.

இனி குறைகள். இங்கே சக ஆய்வாளர் மதிப்பீடு கிடையாது. மட்டுறுத்துநர்கள் பார்ப்பது துறைக்குப் பொருந்துகிறதா, அடிப்படைத் தரம் இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான். 'குறிப்புகள்' வரியில் எந்த மாநாட்டில் ஏற்கப்பட்டது என்று சிலர் எழுதியிருப்பார்கள், அதைப் பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். தேடல் பெட்டி சுமார் ரகம். நான் கூகுள் ஸ்காலரில் தேடிவிட்டு இங்கே வந்து இறக்குகிறேன். இயந்திரக் கற்றல் பிரிவின் தினசரி மின்னஞ்சலுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிடாதீர்கள், நூற்றுக்கணக்கில் தலைப்புகள் வந்து விழும். மின்பொறியியலுக்கு 2017இல் தனிப் பிரிவு வந்தது, அது தாங்கும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு மகசூல் குறைவு. கால்மன் வடிகட்டி (பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் முறை) பற்றிய 1960 கட்டுரை போன்ற பழைய மூலங்களுக்கு நூலகம்தான் கதி.

2023 டிசம்பர் முதல் பல கட்டுரைகளை ஹெச்.டி.எம்.எல். வடிவிலும் தருகிறார்கள். போனில் படிக்கிறவர்களுக்குப் பெரிய உபகாரம், சமன்பாடுகள் மட்டும் சில இடங்களில் உடையும்.

நாமே கட்டுரை ஏற்றும் பகுதியும் உண்டு. புதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதிய ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அதை விமர்சிக்கும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.